மாமனார் பார்க்காத ஆட்டம்

கிமிலிலி
ஜூன் 2

என் சக்களத்தி நக்குமிச்சாவுக்கு,

உன் பாட்டி நசாம்பு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் வாம்போக்கா தபால் இலாகா தேர்வில் தேறி, காக்கமேகாவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்துகிறான். நெலிமா செவிலியர் பள்ளியில் ஊசி போடுவதில் முதலாவது என்கிறார்கள். போன வாரம் வந்தபோது என் கையிலேயே போட்டுக் காட்டினாள், வலிக்கவில்லை. சித்தூமா மலைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்தவனின் சைக்கிளில் கியர் இருந்ததாம், ஆகவே என் கணக்கில் இவன்தான் முதல். சின்னவள் கக்காசா இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள் அல்லவா, அவள் என்னைத் தாண்டிப் போன அன்று வாசலில் நிறுத்திக் கை குலுக்கினேன்.

கடைசியாக நீ. நாட்டு அணிச் சட்டையைப் போட்டு வாலிபால் ஆடுகிறவள் என்று உன்னைப் பற்றிச் சந்தையில் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு பெஞ்சு கிடைத்துவிடுகிறது. பேத்தியைச் சின்னப் பெண்டாட்டி என்று கேலி பேசுகிற நம் வழக்கத்தை நிஜமாக்கி, உன் தாத்தா கடைசி வரை "என் சின்னவ எங்கடி" என்று உன்னைத்தானே தேடினார். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதே.

உன் மாமனார் கயெம்பா டிவி வாங்கிவிட்டார். எகிப்துக்காரிகள் நைரோபிக்கு வந்து உங்களோடு ஆடுவதை ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறார்களாம். லாரி பேட்டரி கொண்டுவந்து வைத்திருக்கிறார். யூகலிப்டஸ் கம்பத்தின் உச்சியில் ஆண்டெனா கட்டியாயிற்று. அவருடைய அண்ணன் சிந்தானி ஒரு காளையை அவிழ்த்துக் கொடுத்தார். உன் மாமனார் குலத்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "சிறைக் காவலர் அணியில நானே ஆடினவன், என் மருமக ஆடுறத ஊரே பார்க்கட்டும்" என்று வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார்.

நன்றாக ஆடு. நான் முன்வரிசையில் உட்காரப் பார்க்கிறேன்.

உன் பாட்டி
நசாம்பு

*

நைரோபி, பயிற்சி முகாம்
ஜூன் 10

என் பெரிய சக்களத்திக்கு,

ஜெயித்துவிட்டோம், பாட்டி. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் நான் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

நான் அணியில் சேர்ந்த வருஷம் எகிப்துக்காரிகளிடம் தோற்றது உனக்கு நினைவிருக்கிறதா? உகாளிக் களிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. அவர்கள் பக்கம் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அப்போது நாங்கள் வலையை நாங்களே சுமந்து போவோம். போகிற ஊரில் பள்ளிக்கூட மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்குவோம். ஷூ பத்தாமல், வெளியே உட்கார வைக்கப்பட்டவள் தன்னுடையதைக் கழற்றி உள்ளே போகிறவளிடம் கொடுப்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அதே எகிப்துக்காரிகள் நடுவில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லித் தங்கள் கோச்சைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பயந்திருந்தார்கள். எங்கள் தலைவி ஜெலகாட் என் காதில், "பாருடி, நம்மளப் பார்த்து" என்றாள்.

அவள் அடிக்கிறபோது பந்து தரையில் படுகிற சத்தம் உங்கள் டிவியில் கேட்டதா? நான் தூக்கிக் கொடுக்கிற பந்துதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நானே திடுக்கிடுகிறேன்.

அடுத்த மாதம் துனிஸ் நகரத்தில் ஆப்பிரிக்கப் போட்டி. இந்தத் தடவை கலந்துகொள்ள மட்டும் போகவில்லை என்று கோச் சொல்லிவிட்டார்.

ஊரில் என்ன சொன்னார்கள்? காளை எப்படி இருந்தது? மாமா என்ன சொன்னார்? ஒவ்வொரு வாரமும் தவறாமல் எழுதுகிற என் வீட்டுக்காரர் மசிண்டேயிடமிருந்து இந்த வாரம் ஒரு வரிகூட இல்லை.

நக்குமிச்சா

*

கிமிலிலி
ஜூன் 16

நக்குமிச்சா,

இந்தக் கடிதத்தை உன் அம்மா எழுதியிருக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் மகளிடம் பேச ஒரு தாய்க்கு நாக்கு எழாது. உனக்கும் எனக்கும் நடுவில் வெட்கம் என்பது வைக்கப்படவில்லை, ஆகையால் நான் எழுதுகிறேன்.

பெரியவர்கள் எல்லோரும் நாற்காலியில் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்களான எங்களுக்குச் சுவரோரம். முன்வரிசை கிடைக்கவில்லை. சிந்தானி எழுந்து பிரார்த்தனை செய்தார், கொஞ்சம் நீளமாகத்தான். பேட்டரியை இணைத்தார்கள். முதலில் டிவியில் மாவு கொட்டியது போல வெள்ளையாக இருந்தது, பிறகு நீங்கள் வந்தீர்கள். தேசிய கீதத்துக்கு வரிசையாக நின்றீர்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்பு. உன் மாமனார் எழுந்து விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்தார். பெரியவர்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கமா நிக்குதுங்க. எங்க காலத்துல பொண்ணுங்க பாவாடையோட ஆடுவாங்க, இது அதைவிட மேல்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. நீங்கள் எல்லோரும் நீளக் கால்சட்டையைக் கழற்றினீர்கள். அடியில் இருந்தது ஒரு சாண் துணி.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எழுத என் ஐந்தாம் வகுப்பு போதாது. முதல் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்தது வருகிறது என்று நீ குனிந்து நின்றாய், முழங்காலில் கை. உன் மாமனார் தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே எழுந்தார், கண் தெரியாமல் சிந்தானி மேல் விழுந்தார். பெரியவர்கள் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்ததில் இரண்டு பேர் நிலைப்படியில் சிக்கிக்கொண்டார்கள். பியர்ப் பானை உருண்டது. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் முடியவில்லை. நீ தண்ணீர் கொண்டுவந்தால் மண்டியிட்டு வைத்துவிட்டுப் போகும்வரை சுவரைப் பார்க்கிற மனிதர் அவர். ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால் நீ ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் புல்லில் இறங்கி நிற்கிறீர்கள். அப்பேர்ப்பட்டவர் காளை அடித்து, குலத்தையே கூட்டி வைத்துக்கொண்டு மருமகளின் தொடையைப் பார்த்துவிட்டார்.

பெண்களான நாங்கள் வெளியே போகவில்லை. எங்களுக்கென்ன. அதுவரை சுவரோரம் நின்ற நாங்கள் காலியான நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். நக்குமிச்சா, நீ மேலே எழும்பி அங்கேயே நின்றாய். நிஜமாகவே நின்றாய், கீழே வர மறந்தவள் மாதிரி. பந்து உன் விரலில் தங்கவேயில்லை. சூடான உகாளியைத் தொட்ட விரல் மாதிரி உன் கை பட்டும் படாமலும் இருந்தது. அந்த உயரமான பெண் எங்கிருந்தோ ஓடிவந்து அதை அடித்தாள். என் பக்கத்தில் இருந்த கிழவி என் கையைப் பிடித்தாள், ஆட்டம் முடியும்வரை விடவில்லை. யாரும் பேசவில்லை. கோயிலில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

மறுநாள் குலம் கூடியது. சிந்தானி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமனார் பார்க்கக் கூடாதத பார்த்தாச்சு. அது போச்சு. இனிமே பார்க்காம இருக்கணும்னா அவ வீட்டுக்கு வரணும். துனிஸுக்குப் போனா இந்த முற்றத்துல அவ கால் வைக்கக் கூடாது." உன் மாமனார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். உன் புருஷன் மூலையில்.

என்ன செய்யப் போகிறாய் என்று தெரியவில்லை. அந்த உடுப்பில் இன்னும் ஒரு முழம் துணி சேர்க்க நம் சர்க்காரிடம் துணி இல்லையா?

நசாம்பு

*

நைரோபி
ஜூன் 25

பாட்டி,

மசிண்டே வந்துபோனார். முகாம் வாசலில் ஒரு பையோடு நின்றார்.

"என்ன இது?"

"பேன்ட். சந்தை டெய்லர்கிட்ட சொல்லித் தைச்சது. கணுக்கால் வரைக்கும் வரும்."

"இது ஸ்கூல் யூனிஃபார்ம் துணி."

"கெட்டியா இருக்கட்டும்னுதான்."

அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். கோபப்பட்டு அனுப்பியிருந்தால் தூங்கியிருப்பேன். தன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று, இரவு பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "நீ போகாதேன்னு சொல்ல வரல. போயிட்டு எங்க திரும்பி வருவேன்னுதான் கேட்க வந்தேன்" என்றார். மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பயிற்சியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முதல் எழும்பலிலேயே பின்தையல் கிழிந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். ஜெலகாட் வந்து கிழிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"துணி இன்னும் இருக்கா?"

"எதுக்கு?"

"பன்னிரண்டு பேருக்கும் தைக்கச் சொல்லு. ஆனா தையல் ரெட்டையா போடச் சொல்லு."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. "எங்க பக்கமும் மாமனார்னா இப்படித்தான். எனக்கு இன்னும் மாமனார் வரல, அவ்வளவுதான்" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். காலில் துணி சிக்கி விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒருத்திகூட முணுமுணுக்காமல் சொன்னார்கள், பாட்டி. நாங்கள் எப்படி ஜெயிக்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கோச் போய்க் கேட்டுப் பார்த்தார். உடுப்பு போட்டி நடத்துகிறவர்கள் குறித்ததுதான், மாற்ற வழியில்லை என்று வந்துவிட்டது.

இப்போது உன்மேல் என் வருத்தத்தைச் சொல்கிறேன். நான் அந்தரத்தில் நின்றதாக அரைப் பக்கம் எழுதினாய். சிந்தானி பெரியப்பா சொன்னதையும் ஒரு சொல் குறையாமல் எழுதினாய். நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுதவில்லை. சின்ன வயதில் நான் மரத்திலிருந்து விழுந்தாலும் ஏறினாலும் ஏதாவது சொல்வாயே. ஜூலை பத்தாம் தேதி பெயர்கள் துனிஸுக்குப் போகின்றன. அதற்குள் என் பெயர் இருக்குமா என்று கோச்சிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு மசிண்டே வேண்டும். அந்த வீடும் வேண்டும். பந்தும் வேண்டும். இதை வேறு யாரிடம் எழுதுவேன்?

நக்குமிச்சா

*

கிமிலிலி
ஜூலை 2

என் சக்களத்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல துணியைக் கட்டிக்கொண்டு, நேரே கயெம்பா வீட்டுக்குப் போனேன். அவர் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக எட்டிப் பார்த்தால் டிவி மேல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

"உள்ள என்ன, பொணம் கிடக்குதா?" என்றேன்.

"சம்பந்தியம்மா, அதப் பத்திப் பேச வேணாம்."

"அதப் பத்திப் பேசத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன். டீ போடச் சொல்லுங்க."

டீ வரும்வரை மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தைப் பற்றியும் பேசினோம். பிறகு நான் கேட்டேன், "பொண்ண ஆடக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன்தான் சொன்னார்."

"நீங்க சும்மா இருந்தீங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோழிகளைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே மெதுவாக, "அன்னிக்குத் தொப்பியால மூடுறதுக்கு முன்னாடி அவ கைய மட்டும் பார்த்தேன்" என்றார். "முதல் பந்து எடுத்துக் கொடுத்த கை. எங்க அணியில எல்லாரும் கெட்டிக்காரங்கதான், நாடு பூரா சுத்தி ஆடினோம். அந்த மாதிரி ஒரு கை எங்க யார்கிட்டயும் இல்ல, சம்பந்தியம்மா. அன்னிலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கல."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? கையோட கால் சேர்ந்துதான வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அந்த மனிதர் உன்னை வெறுக்கவில்லை, நக்குமிச்சா. உன்னைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார். இரண்டும் தூரத்திலிருந்து ஒன்று போலத்தான் தெரிகிறது.

"பார்க்க வேணாம். கேளுங்க" என்றேன்.

"ரேடியோவுல இதைச் சொல்லமாட்டாங்க."

"நான் சொல்றேன். நீங்க சுவரப் பார்த்து உக்காருங்க."

"உங்களுக்கு ஆட்டம் தெரியுமா?"

"தெரியாது. கண்ணு தெரியும்."

"அண்ணன் ஒத்துக்கமாட்டார்."

"அவர் வெளிய பானைகிட்ட உக்காரட்டும்."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார், அவ்வளவுதான். ஆகவே உனக்குக் கொடுக்க என் கையில் உறுதி எதுவும் இல்லை. குலம் சொன்னது சொன்னபடியே நிற்கிறது.

நான் நினைப்பதை எழுதவில்லை என்றாய். எழுத பயமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். போய் ஆடு. திரும்பி வரும்போது அந்த வாசல் சாத்தியிருந்தால் என் வாசலுக்கு வா. இரண்டு சக்களத்திகளும் ஒரே பாயில் படுத்து, செத்துப்போனவரைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளுவோம். ஆனால் நீ மேலே எழும்பியதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகு உன்னை இறங்கி வா என்று சொல்ல என்னால் ஆகாது.

நசாம்பு

*

துனிஸ்
ஜூலை 19

பாட்டி,

அரையிறுதியில் துனிசியாவை ஜெயித்தோம். அவர்கள் ஊர், அவர்கள் ஜனம். மண்டபம் முழுவதும் மேளமும் விசிலும், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. விரலால் சைகை காட்டித்தான் ஆடினோம். மூன்றாவது செட்டில் ஜெலகாட் அடித்த ஒரு பந்து எதிர்ப்பக்கம் தடுக்க எழும்பிய இரண்டு பேரின் கைகளுக்கு நடுவில் போய் விழுந்தது. அப்போது அந்த மண்டபமே அமைதியானது. பிறகு யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு அவர்கள் ஜனமே எங்களுக்குக் கை தட்டியது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நாளை மறுநாள் இறுதி ஆட்டம், எகிப்தோடு.

பகலில் எனக்குப் பயம் இல்லை. உடுப்பு மாற்றுகிற அறையில்தான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கால்சட்டையைக் கையில் எடுக்கிறபோது மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் வாங்குவது ஞாபகம் வருகிறது. தோற்றால் இதற்காகவா போனாள் என்பார்கள். ஜெயித்தால் அதனால் என்ன என்பார்கள். மசிண்டேக்கு எழுதினேன், பதில் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

உன் பாயில் இடம் வைத்திரு. தலைமாட்டுப் பக்கம் எனக்கு.

நக்குமிச்சா

*

கிமிலிலி
ஜூலை 28

என் சின்ன சக்களத்தி நக்குமிச்சாவுக்கு,

நீ துனிஸிலிருந்து எழுதியது நேற்றுத்தான் வந்தது. முடிவைக் கண்ணால் பார்த்துவிட்டு அதற்கு முந்தின உன் பயத்தைப் படிப்பது விசித்திரமாக இருந்தது. இந்தக் கடிதம் உனக்காக நைரோபி முகாமில் காத்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று நான் போனபோது டிவி மேலிருந்த போர்வை எடுக்கப்பட்டிருந்தது. எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்து. கயெம்பா கோட்டுப் போட்டு, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மற்ற பெரியவர்கள் வெளியே பானையைச் சுற்றி, எல்லோருடைய முதுகும் வாசலைப் பார்த்து. சிந்தானி எல்லோரையும்விடத் தள்ளி, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில். "நான் பியருக்குத்தான் வந்தேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். மசிண்டே மட்டும் டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தான். புருஷன்தானே, அவன் பார்க்கலாம்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "பந்து போச்சு. வந்துச்சு. ஒருத்தி விழுந்தா. எந்திரிச்சிட்டா."

"எந்தப் பக்கம்?" என்றார் சுவரைப் பார்த்து.

"நம்ம பக்கம்."

"யார் எடுத்தது?"

"நம்ம பொண்ணு."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சொல்ல வந்துவிட்டது, அவருக்கும் நான் சொல்வதற்கு முன்பே சத்தத்திலிருந்து தெரிய ஆரம்பித்தது. "இப்ப அடிச்சது அந்த உசரமான பொண்ணு" என்பார். சரியாக இருக்கும். முதல் இரண்டு செட்டும் நமக்கு. அடுத்த இரண்டும் அவர்களுக்கு. வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைசி செட் தொடங்கும்போது பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே சிந்தானியின் பின்மண்டை. "என்னய்யா ஆச்சு, சொல்லித் தொலைங்க, கத்தினா மட்டும் போதுமா" என்கிறார்.

பதினான்குக்குப் பதிமூன்று. நமக்கு ஒன்று போதும். அவர்கள் அடித்த பந்து உனக்கு எட்டாத இடத்துக்குப் போனது, நீ ஓடினாய். மூன்று எகிப்துக்காரிகள் ஜெலகாட்டுக்கு எதிரே எழும்பத் தயாராக நின்றார்கள். நீ அவளைப் பார்த்துக்கொண்டே பந்தைத் தலைக்குப் பின்னால் அனுப்பினாய். அங்கே ஒரு குட்டைப் பெண் தனியாக நின்றாள். அவளுக்கு எதிரே யாருமே இல்லை. அடித்தாள்.

எனக்குக் குரல் வரவில்லை. வீடே கத்துகிறது, நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். கயெம்பா சுவரில் கை வைத்துக்கொண்டு, "சம்பந்தியம்மா, சொல்லுங்க, என்ன பண்ணினா, சொல்லுங்க" என்கிறார்.

"பின்பக்கமா கொடுத்தா."

"பின்பக்கமாவா?"

"அந்தப் பொண்ணு நிக்கிறத பார்க்கவே இல்ல. பார்க்காமலே கொடுத்தா."

"பார்க்காமலே" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். அவருடைய தோள் குலுங்கியது. அப்போதும் அவர் திரும்பவில்லை, நக்குமிச்சா. இரண்டடி பின்னால் நாடே எழுந்து நிற்கிறது, கோப்பை வருகிறது, நீ அழுகிறாய், மசிண்டே அழுகிறான். அந்த மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இத்தனை வயதில் நான் இரண்டு அதிசயங்களை ஒரே அறையில் பார்த்தேன். ஒன்று டிவியில் இருந்தது.

உங்களுடைய தேசிய கீதம் முடிந்து பேட்டரியைக் கழற்றிய பிறகு அவர் எழுந்து வெளியே போனார். எல்லோரும் இருந்தார்கள். சிந்தானியும் இருந்தார்.

"என் மருமக இந்த வீட்டுக்குத்தான் வருவா" என்றார். "வர்ற வழியில நான் எதிர்ப்பட்டா புல்லுல இறங்கி நிப்பேன். எப்பவும் போல. ஆடுறது அவ வேலை. பார்க்காம இருக்கிறது என் வேலை. அதை இன்னிக்கு நான் செஞ்சு காட்டியாச்சு."

சிந்தானி, "அதைச் சொல்றதுக்கு எதுக்குய்யா இவ்வளவு சத்தம்" என்று சொல்லிவிட்டுப் பானைக்குள் பியர் உறிஞ்சுகிற குழலைப் போட்டார். சபை கலைந்தது. அதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதே.

மசிண்டே உன்னைக் கூட்டி வர விமான நிலையத்துக்கு வருவான். கையில் பை எதுவும் இருக்காது, நான் சோதித்துவிட்டேன். என் பாயில் உனக்கு இடம் கிடையாது. உன் வீட்டுக்குப் போய்ப் படு.

இன்னும் ஒன்று. நான் கிளம்பும்போது கயெம்பா என்னோடு பாதை திரும்பும் இடம்வரை நடந்து வந்தார். ஒரு மரத்தைப் பார்த்து, "மூணு வருஷமாச்சு அவ இந்த வீட்டுக்கு வந்து" என்றார். "அவ முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. டிவியில வரிசையா நின்னப்பகூட முகமெல்லாம் புள்ளியாத்தான் தெரிஞ்சுது." நான் ஒன்றும் சொல்லவில்லை. மரமும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "மருமகளத்தான் பார்க்கக் கூடாது. நாட்டு அணியோட படத்த யார் வேணும்னாலும் சுவர்ல மாட்டலாமில்ல?" என்றார்.

ஆகவே கோப்பையோடு பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு புதுப் படம் எடுங்கள். இடுப்பில் எல்லோரும் லெசோத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், கணுக்கால்வரை. ஜெலகாட்டை ஓரத்தில் நிற்கச் சொல், அவள் உயரத்துக்கு நடுவில் நின்றால் மற்றவர்கள் பிள்ளைகள் மாதிரி தெரிவார்கள். நீ நடுவில் நில். குனியாதே, முகத்தை நேராக வைத்துக்கொள், வெளிச்சம் படட்டும். மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்துத் தபாலில் போடு. பாட்டிக்கு என்று என் பெயருக்கே அனுப்பு. அவர் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே. சீக்கிரம் அனுப்பு, அவர் சுவரில் ஆணி அடித்துவிட்டார்.

உன் பாட்டி
நசாம்பு